பழைய பிக்கப்பின் பின் டிஃப்: கழற்றுவதற்கு முன்னும் பூட்டிய பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்று வைத்திருந்த பிக்கப்புகள் எல்லாம் அதனால் இன்னும் திருகோணமலை வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. குச்சவெளியிலிருந்து மீன், தம்பலகாமத்திலிருந்து நெல், கந்தளாயிலிருந்து செங்கல் என்று சுமை மட்டும் குறையவில்லை. டிஃப், அதாவது எஞ்சின் விசையைப் பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், ஊளையிடத் தொடங்கியதும் கராஜுக்கு வருகிறவர்கள் கேட்பவற்றையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

கீழே வரும் அளவுகள் 8 அங்குல கிரவுன் வீல் (டிஃப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) உள்ள, லீஃப் ஸ்பிரிங் வைத்த பழைய டொயோட்டா ஹைலக்ஸுக்கு உரியவை. எங்கள் பக்கம் அதிகம் ஓடும் எல்.என். 106 போன்ற வாகனங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கொம்பனி வாகனமென்றால் வேலை முறை ஏறத்தாழ இதேதான், எண்கள்தான் வேறு. அந்த வாகனத்தின் வேர்க்‌ஷொப் புத்தகத்தைப் பார்க்காமல் இந்த எண்களை அதில் போடாதீர்கள்.

அண்ணே, 60இல் போகும்போது பின்னுக்கு ஊளையிடுது. டிஃப் முடிஞ்சுதா?

அவசரப்படாதீர்கள். டிஃப் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் சத்தங்களில் பல டிஃப்பிலிருந்து வருவதில்லை. முதலில் நல்ல கார்பெட் வீதியில், நிலாவெளிப் பக்கம் விடியற்காலையில் சனம் குறைந்த நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். கந்தளாய்–ஹபரணை வீதியும் நேராகத்தான் இருக்கும், ஆனால் யானை கடக்கும் இடம், இருட்டில் அங்கே சத்தம் கேட்கப் போக வேண்டாம்.

60க்கு ஏற்றி, அக்சிலரேட்டரை மிதித்தபடி கேளுங்கள். பிறகு காலை எடுத்து, கியரிலேயே வண்டி தானாக வேகம் குறைய விட்டுக் கேளுங்கள். கடைசியாக, வீதி வெறுமையாக இருந்தால், சில விநாடி நியூட்ரலில் உருள விடுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை வந்து காலை எடுத்ததும் மறைந்தால் கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் கடிக்கும் இடத்தில் தேய்மானம். காலை எடுத்த பிறகுதான் வருகிறதென்றால், பினியன் பெயாரிங் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டு, வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரின் பெயாரிங்காக இருக்கலாம், சில்லு பெயாரிங்காகவும் இருக்கலாம். அந்த இரண்டையும் பிரிக்க, ஆள் இல்லாத இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறினால் சில்லு பெயாரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நியூட்ரலிலும் அதே சத்தம், பழைய தார் வீதியில் ஒரு மாதிரி கார்பெட்டில் வேறு மாதிரி என்றால் டயரைப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் போடும் சத்தத்துக்கு டிஃப் கழற்றிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

கியர் போட்டு கிளட்ச் விடும்போது “டக்” என்று ஒரு அடி. அதுவும் டிஃப்பா?

பெரும்பாலும் இல்லை. கியர்பொக்ஸிலிருந்து டிஃப்புக்கு விசை கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜொயின்ட்டை முதலில் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகள் இறுக்கமா, நடு போல்ட் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால்தான் உள்ளே இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் ஸ்பைடர் கியர், அதன் வொஷர், குறுக்கே போகும் “பின்” என்ற தண்டு ஆகியவற்றின் தேய்மானம். அந்த அடியோடு பல வருடம் ஓடும் வண்டிகள் உண்டு. ஊளைதான் கெதியாகக் கவனிக்க வேண்டியது.

கடல் தண்ணிக்குள்ள சில்லு இறங்கினது கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள டிஃப்புக்கு என்ன வரப்போகுது?

எங்கள் மாவட்டத்தில் டிஃப்பைக் கொல்வது கிலோமீட்டரை விடத் தண்ணீர்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

ஓடிவந்த வண்டியின் அக்சில் கூடு சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். படகை இழுக்கவோ மீன் பெட்டி ஏற்றவோ அப்படியே ரிவர்ஸில் அலைக்குள் இறக்கினால் கூடு சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்க வேண்டும். அதற்காக மேலே பிரீதர் என்று சின்ன மூச்சு வால்வு ஒன்று இருக்கிறது. அது தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று வரும். தண்ணீருக்குள் இருந்தால், அல்லது உப்பும் சேறும் ஏறி அடைத்திருந்தால், ஒயில் சீலின் உதடு வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போகும். தண்ணீருக்குள் நின்றது எவ்வளவு நேரம் என்பது இதில் பெரிய விடயமில்லை.

உள்ளே போன தண்ணீர் ஒயிலோடு கலந்ததும் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அந்தக் கலவை பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நிற்காது. வண்டி நிற்கும் நாட்களில் இன்னும் மோசம்: பெயாரிங்கின் உருளைகள் எந்த இடத்தில் நின்றனவோ அந்த இடத்தில் வளையத்தில் துரு பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாகத் துரு தெரியும். அந்தப் பெயாரிங்கை எவ்வளவு கழுவினாலும் உறுமல் போகாது.

மீன் ஏற்றும் பிக்கப்புகளுக்கு இன்னொரு வழியாலும் கேடு வருகிறது. பெட்டியிலிருந்து வடியும் உப்பு ஐஸ் தண்ணீர், சுமை ஏற்றும் தட்டின் ஓட்டைகளால் நேரே அக்சில் குழாயிலும் பிரேக் பைப்பிலும் பிரீதரிலும் விழுகிறது. வேலை முடிந்ததும் வாளி நல்ல தண்ணீரைத் தட்டில் மட்டும் ஊற்றாமல் அடியிலும் அடியுங்கள். பிரீதரைக் கழற்றி, ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டு, தட்டுக்கு அருகே உயரத்தில் கட்டிவிடலாம். செலவு மிகக் குறைவு. கடற்கரைக்குப் போகும் எந்தப் பிக்கப்புக்கும் இதைச் செய்யாமல் டிஃப் பூட்ட எங்களுக்கு மனம் வராது.

டித்வா புயல் வெள்ளத்தில் வண்டி நின்ற இடத்திலேயே மூழ்கியது. இப்போது சத்தம் இல்லை. விடலாமா?

விடாதீர்கள். 2025 நவம்பரில் மூதூர், வெருகல் பக்கம் மகாவலி வெள்ளத்தில் நின்ற வாகனங்களுக்கு எஞ்சினையும் சீட்டையும் பார்த்தவர்கள் பலர், டிஃப்பைப் பார்த்தவர்கள் குறைவு. வடிக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரம், அடியில் நிற்கும், முதலில் அதுதான் வரும். வந்தால் முழுவதையும் வடித்து, புது ஒயில் ஊற்றி, கொஞ்சத் தூரம் ஓட்டி, மறுபடி வடியுங்கள். கியர்பொக்ஸ், போர்வீல் வண்டியென்றால் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ், முன் டிஃப், எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

எந்த ஒயில், எவ்வளவு?

ஹைபொயிட் கியர் ஒயில், ஜி.எல்.-5 தரம். எங்கள் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 90 அல்லது 80டபிள்யூ-90. இந்த வகைப் பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். ஜி.எல்.-4 அந்த அழுத்தத்தைத் தாங்காது. மிஞ்சிய ஜி.எல்.-5ஐக் கியர்பொக்ஸுக்குள் ஊற்றிவிட வேண்டாம், அதற்குக் கைநூலில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். வண்டி சமதரையில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்புக்கு ஒயில் வரும்வரை ஊற்ற வேண்டும். ஏறத்தாழ 2 லீட்டர் போகும்.

ஒன்றை மறக்காதீர்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட் கழறுகிறதா என்று பாருங்கள். முழுவதையும் வடித்த பிறகு மேல் போல்ட் துருவில் பிடித்துக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் கிறீஸ் போல மெல்லிய தூள் ஒட்டியிருப்பது வழமை. விரலில் உருட்டினால் தட்டுப்படும் சில்லம் இருந்தால் கூட்டைத் திறக்க வேண்டும்.

முன்பக்க ஒயில் சீல் மட்டும்தான் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் சத்தமே தொடங்கியது.

இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. சீலில் பிழை இல்லை, நட்டில்தான். சீல் மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டின் இறுக்கம்தான் உள்ளே இரண்டு பினியன் பெயாரிங்குகளும் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. நடுவில் கிரஷ் ஸ்லீவ் என்ற மெல்லிய உருளை இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும், நசுங்கியது திரும்ப நிமிராது. காற்று கன்னால் ஒரு தரம் “டர்ர்” என்று அடித்துவிட்டால் ஸ்லீவ் தேவைக்கு மேல் நசுங்கி, பெயாரிங் இறுகி, சூடாகி, சில வாரத்தில் ஊளை.

சீல் மட்டும் மாற்றுவதென்றால் கழற்றும் முன் பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து எழுதுங்கள், நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், வெளியே தெரியும் புரிகளை எண்ணுங்கள். பூட்டும்போது கையால் இறுக்கி அதே இடத்துக்குக் கொண்டுவந்து, அளவைச் சரிபாருங்கள். காற்று கன் கழற்ற மட்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஃப் செட் முழுசாக வாங்கிப் போடலாமா, இருப்பதையே செய்யலாமா?

நல்லதாகக் கிடைத்தால் முழு செட்டைத்தான் நாங்களும் சொல்வோம். தொழிற்சாலையில் பொருத்தி, யாரும் கை வைக்காத செட் ஒன்றின் அளவுகளைக் கராஜில் கொண்டுவருவது லேசான வேலையில்லை. ஆனால் “நல்லதாகக் கிடைத்தால்” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் வைத்தே பாருங்கள். பற்களில் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள்: குழி, துருப் புள்ளி, உதிர்ந்த விளிம்பு, சூட்டில் நீலமான இடம் எதுவும் கூடாது. பினியன் ஃபிளாஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் தட்டு) பிடித்து உள்ளும் வெளியும் இழுங்கள், அசைவே இருக்கக் கூடாது. கிரவுன் வீலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, கால் வட்டத்துக்கு ஒரு தரம் அந்தத் தளர்ச்சி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் தலைகளில் புதிய சாவிக் காயம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், அதைத் தவிர்ப்பது நல்லது.

இருக்கும் பற்கள் நன்றாக இருந்து பெயாரிங் மட்டும் போயிருந்தால் உங்கள் செட்டையே செய்யுங்கள். இரண்டும் போயிருந்தால் புதுக் கிரவுன், பினியன், பெயாரிங் விலையைக் கூட்டிப் பாவித்த செட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள். டொலரோடு ஏறி இறங்கும் விலை என்பதால் இங்கே எண் எழுதிப் பயனில்லை.

எங்கள் வண்டியின் ரேஷியோ எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட் கையில் இருந்தால் பற்களை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.10. 43க்கு 10 என்றால் 4.30. 39க்கு 8 என்றால் 4.875, அதை 4.88 என்பார்கள். வண்டியிலேயே பார்க்க வேண்டுமென்றால் முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கி, நியூட்ரலில் அதைச் சரியாக 2 சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுதான் ரேஷியோ. 4 சுற்றும் ஒரு துளியும் என்றால் 4.10, கிட்டத்தட்ட 5 என்றால் 4.88.

போர்வீல் வண்டிக்காரர்கள் இதில் விளையாடக் கூடாது. முன் டிஃப்பின் ரேஷியோவும் பின்னதும் ஒன்றாக இல்லாவிட்டால், போர்வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். மலிவாகக் கிடைத்தது என்று ரேஷியோ மாறிய செட்டை வாங்கிவந்து, போர்வீல் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

வீட்டு முற்றத்தில் நானே செய்யலாமா?

கழற்றி இறக்கலாம். திரும்பப் பூட்டலாம். நடுவில் அளவு வைக்கும் வேலைக்கு டயல் கேஜ், அதன் காந்தத் தாங்கி, டோர்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர், பெயாரிங் கழற்றும் புல்லர், பிரஸ் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் கை உணர்வில் போடுவேன் என்றால் வேண்டாம். செட்டை நீங்களே கழற்றிக் கழுவி அளவுக்குக் கராஜுக்குக் கொண்டுபோனால் கூலியில் ஒரு நல்ல பங்கு மிச்சம்.

எங்கள் பக்க மணல் தரையில் ஜக் புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

கழற்றும் ஒழுங்கு?

ஒயிலை வடியுங்கள். சில்லு, பிரேக் ட்ரம் இரண்டையும் எடுங்கள். ஹான்ட் பிரேக் கேபிளையும் பிரேக் பைப்பையும் கழற்றி, பைப்பின் வாயை அடையுங்கள். பிரேக் தட்டின் பின்னால் இருக்கும் 4 நட்டுகளைக் கழற்றினால் அக்சில் ஷாஃப்ட் பெயாரிங்கோடும் தட்டோடும் வெளியே வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் ட்ரம்மைத் தலைகீழாக இரண்டு நட்டில் தளர்வாகப் பூட்டி, அதைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் வரும். இழுக்கும்போது ஷாஃப்ட்டின் பல்லு முனை உள் சீலில் உரசாமல் தூக்கிப் பிடியுங்கள். அந்தச் சீல் கிழிந்தால் ஒயில் நேரே பிரேக் ஷூவுக்குத்தான் போகும், ஆகவே திறந்த கையோடு இரண்டு பக்கமும் புதுச் சீல் போடுவது நல்லது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் இரு பக்கமும் அடையாளம் போட்டுக் கழற்றுங்கள். கூட்டைச் சுற்றியுள்ள நட்டுகளில் ஒன்றை மட்டும் நுனியில் விட்டு மற்றவற்றை எடுங்கள், ஜக்கை அடியில் கொடுங்கள், பிறகு கடைசி நட்டை எடுங்கள். செட் ஒரு ஆள் தூக்கும் பாரமில்லை.

மேசையில் வைத்தாயிற்று. கழுவிப் பிரித்துவிடலாமா?

கழுவுங்கள், பிரிக்காதீர்கள். பிரித்த பிறகு திரும்பக் கிடைக்காத தகவல் இப்போதுதான் உங்கள் கையில் இருக்கிறது. கிரவுன் வீலின் தளர்ச்சியை டயல் கேஜில் அளந்து எழுதுங்கள். பினியனைச் சுழற்றும் விசையை எழுதுங்கள். பற்களில் நிறம் பூசிச் சுற்றி, கடிக்கும் தடத்தை ஃபோனில் படம் எடுங்கள். கிரவுன் வீலின் முதுகில் கேஜ் வைத்து ஒரு முழுச் சுற்றில் ஆட்டம் எவ்வளவு என்றும் பாருங்கள்: 0.1 மி.மீ. தாண்டினால் வீலோ கேஸோ கோணல்.

பெயாரிங் மூடிகள் இரண்டுக்கும் பஞ்ச் அடையாளம் இடுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளி, மறுபக்கத்துக்கு இரண்டு. மூடிகள் அந்தக் கூட்டோடு சேர்த்தே கடையப்பட்டவை, இடம் மாறினால் பெயாரிங் நேராக உட்காராது. பக்க அட்ஜஸ்டர் வளையங்களுக்கும் அடையாளம். பினியன் தலைக்கும் பெயாரிங்குக்கும் இடையில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டை அளந்து, ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

எதை எதைப் புதிதாகப் போட வேண்டும்?

பினியன் பெயாரிங் இரண்டு, கேரியர் பெயாரிங் இரண்டு, நான்குக்கும் வெளி வளையங்கள், கிரஷ் ஸ்லீவ், பினியன் நட், பினியன் சீல், அக்சில் சீல்கள், ஸ்பைடர் கியர் வொஷர்கள். பழைய வெளி வளையத்தில் புதுப் பெயாரிங் போடுவது காசை ஆற்றில் போடுவது. கிரவுனும் பினியனும் எப்போதும் ஜோடி. ஒரே எண்ணில் குறித்து, ஒன்றோடு ஒன்று உரசிப் பழக்கி விற்கப்படுபவை. ஒரு செட்டின் கிரவுனையும் இன்னொன்றின் பினியனையும் சேர்த்தால் ரேஷியோ ஒன்றாக இருந்தாலும் கத்தும்.

பெயாரிங் வாங்கும்போது பெட்டியில் கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என். என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். வளையத்தில் பெயரும் எண்ணும் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, பழையதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

அளவு வைப்பதென்றால் என்ன செய்கிறீர்கள்?

நான்கு விடயங்கள்: பினியனின் ஆழம், பினியன் பெயாரிங்கின் இறுக்கம், கிரவுனின் தளர்ச்சி, கேரியர் பெயாரிங்கின் இறுக்கம். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும், அதனால்தான் இந்த வேலைக்கு ஒரு நாள் போகும்.

பழைய ஜோடியையே திரும்பப் போடுகிறோமென்றால் அதே தடிப்புள்ள ஷிம்மோடு தொடங்குவோம். கிரவுனைக் கேஸில் ஏற்றுவதற்கு முன் கொதிநீரில் போட்டுச் சூடாக்கினால் சுத்தியல் இல்லாமலே இறங்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, 97 நியூட்டன் மீட்டருக்கு. மூடி போல்ட்டுகள் 78.

பினியன் இறுக்கத்துக்கு ஃபேக்டரி சொல்வது: புதுப் பெயாரிங் என்றால் சுழலத் தொடங்கும் விசை 1.9 முதல் 2.5 நியூட்டன் மீட்டர், பாவித்த பெயாரிங் என்றால் 0.9 முதல் 1.3. இவ்வளவு சின்ன விசையைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் எல்லாக் கராஜிலும் இல்லை. எங்கள் ஊரில் இதற்கு நல்ல மாற்று ஒன்று உண்டு: மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு, 10 கிலோவுக்கு உட்பட்ட சின்னது. ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, நுனியைத் தராசில் கொளுவி இழுங்கள். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 5 செ.மீ. என்று வைத்தால் தராசு 4 கிலோ காட்டும்போது 20 கிலோ-சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். ஆரத்தை ரூலால் அளந்து கணக்குப் போடுங்கள். இதைச் சீல் போடுவதற்கு முன், பெயாரிங்கில் ஒயில் தடவி, சில சுற்றுச் சுற்றிவிட்டு அளக்க வேண்டும்.

ஸ்லீவ் நசுங்கத் தொடங்க நல்ல பலம் வேண்டும், நீண்ட பைப் போட்டுத்தான் இறுக்க வரும். வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போல இருந்து, அசைவு போனதும் இறுக்கம் மளமளவென்று ஏறும். அந்தக் கட்டத்தில் ஒரு தரத்துக்கு விரல் அகலம்கூட நகர்த்தாமல், ஒவ்வொரு முறையும் தராசைப் பிடியுங்கள். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து. ஆகவே வாங்கும்போதே இரண்டு ஸ்லீவ் வாங்குங்கள்.

பிறகு இரு பக்க அட்ஜஸ்டரால் கிரவுனைத் தள்ளி, தளர்ச்சியை 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் தளர்த்திய அளவுக்கே மறுபக்கம் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேரியரின் இறுக்கம் மாறும். எல்லாம் முடிந்ததும் மொத்தமாகப் பினியனைச் சுழற்றினால் முதல் அளவை விட 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் கூடியிருக்க வேண்டும். ஓடித் தேய்ந்த பழைய ஜோடி என்றால் புத்தக எண்ணை விட, திறக்கும் முன் நீங்கள் எழுதிவைத்த தளர்ச்சியையும் தடத்தையும் நம்புங்கள். அந்தப் பற்கள் அந்த இடத்துக்குப் பழகியவை.

பல்லுத் தடத்தை எப்படி வாசிப்பது?

மூன்று நான்கு பல்லில் மார்க்கிங் பேஸ்ட் மெல்லியதாகப் பூசி, ஒருவர் கிரவுனைக் கட்டையால் அழுத்தித் தடுக்க, மற்றவர் பினியனை இரு திசையிலும் சுற்ற வேண்டும். கிரவுன் பல்லின் குவிந்த முகம் வண்டி முன்னுக்குப் போகும்போது பாரம் எடுப்பது, முதலில் அதைப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில், உயரத்திலும் நடுவாக, ஓரங்களைத் தொடாமல் நின்றால் சரி.

தடம் பல்லின் அடியை நோக்கி ஆழமாக விழுந்தால் பினியன் கிரவுனுக்கு மிகக் கிட்ட நிற்கிறது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். பல்லின் மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, தடித்த ஷிம். 0.05 மி.மீ. மாற்றினாலே தடம் இடம்பெயர்வது கண்ணுக்குத் தெரியும். தடம் உயரத்தில் சரியாக இருந்து, வட்டத்தின் உள்பக்கத்துக்குப் போனால் கிரவுனைப் பினியனிலிருந்து சற்று விலக்குங்கள், வெளிப்பக்கத்துக்குப் போனால் கிட்டக் கொண்டுவாருங்கள். எப்போதும் ஷிம்மை முதலில் முடித்து, தளர்ச்சியைப் பிறகு தொடுங்கள். ஷிம் மாற்ற மறுபடி பெயாரிங் கழற்ற வேண்டும் என்ற பஞ்சியில் தளர்ச்சியை மட்டும் இழுத்துத் தடத்தை நடுவுக்குக் கொண்டுவரப் பார்ப்பதுதான் திரும்பத் திரும்ப வரும் ஊளைக்குக் காரணம்.

பூட்டிய பிறகு உடனே லோட் ஏற்றலாமா?

முதலில் பாரமில்லாமல் 15, 20 நிமிடம் ஆறுதலாக ஓட்டி, நிறுத்தி, முழுவதும் ஆற விடுங்கள். இதை இன்னும் சில தடவை செய்யுங்கள். நகரிலிருந்து கன்னியா வரை போய் வந்தால் போதும். கூட்டைத் தொட்டுப் பாருங்கள்: சூடு இருக்கும், ஆனால் பினியன் பக்கம் கை வைக்கவே முடியாமல் சுட்டால் இறுக்கம் கூடிவிட்டது. முதல் 800 கிலோமீட்டர் வரை செங்கலும் மணலும் படகும் வேண்டாம். அதன் பிறகு ஒயிலை மாற்றி, காந்தத்தைத் துடைத்துப் பூட்டுங்கள்.

தடித்த ஒயிலும் மரத்தூளும் போட்டால் சத்தம் நிற்குமாமே?

விற்கப்போகிறவருக்கு நிற்கும். வாங்கப்போகிறவர் நீங்களென்றால், பார்க்கும் இடத்திலேயே ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள்.

வயல் சேற்றில் ஒரு சில்லு மட்டும் சுற்றுகிறது. ஸ்பைடர் கியரை வெல்டிங் பண்ணிவிடலாமா என்று தம்பி ஒருவர் கேட்டார்.

வேண்டாம். இரண்டு சில்லும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றினால், சந்தியில் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு டயர் இழுபட வேண்டும். மழை வீதியில் பின்பக்கம் சறுக்கும், அக்சில் ஷாஃப்ட் முறுகும். ஆனால் கேள்விக்குப் பின்னால் உள்ள சிக்கல் உண்மையானது. தம்பலகாமத்து வயலில் அறுவடை நேரம் நெல் மூட்டையோடு புதைந்து, ஒரு சில்லு நிற்க மற்றது பறக்க மிதித்தால், ஸ்பைடர் கியர்கள் குறுக்குப் பின்னில் அசுர வேகத்தில் சுழலும். அந்தப் பின்னில் பெயாரிங் கிடையாது, ஒயில் மட்டும்தான். ஒயில் அங்கே போய்ச் சேருவதற்குள் அந்தப் பின் சுட்டு வரி விழும். புதைந்தால் மிதிக்காமல் இறங்கி, சில்லுக்கு முன் பலகை போடுங்கள், ட்ராக்டரைக் கூப்பிடுங்கள்.

பின் டயர் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்றால் நேர் வீதியிலும் ஸ்பைடர் கியர்கள் ஓய்வில்லாமல் வேலை செய்யும்.

சத்தத்தோடு இன்னும் எவ்வளவு நாள் ஓடலாம்?

ஊளை மட்டும், ஒயில் சுத்தம், பினியனில் அசைவில்லை என்றால் பாகங்கள் சேர்க்கும் வரை ஆறுதலாக ஓடலாம். ஊளையோடு பினியன் சீலில் ஒயிலும் வடிந்தால், அல்லது ஃபிளாஞ்சைப் பிடித்து ஆட்ட அசைந்தால், அன்றே நிறுத்துங்கள். பெயாரிங் சிதறிப் பினியன் இறுகினால் பின் சில்லுகள் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். கிண்ணியாப் பாலத்தில் பாரத்தோடு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது?

மூடியுள்ள கலனில் ஊற்றி, கழிவு ஒயில் சேர்க்கும் சேவிஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். தண்ணீர் கலந்ததைத் தனிக் கலனில் வையுங்கள். வேலியில் அடிக்கவோ, வடிகானுக்குள் விடவோ வேண்டாம், எங்கள் ஊரில் எந்த வடிகானும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது.